பெயர் எதில் ஒட்டியிருக்கிறது?

1929, 1930 என அடுத்தடுத்து இரண்டு முறை லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது ஒரே பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார். பெயர் 'ஓல்ட் நம்பர் ஒன்'. பிறகு புரூக்லண்ட்ஸ் பந்தயத்துக்காக அதன் ஆறரை லிட்டர் எஞ்சினைக் கழற்றி எட்டு லிட்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். 1932இல் அங்கே நேர்ந்த விபத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். மிஞ்சியதை எடுத்து மறுபடியும் கட்டினார்கள்.

1990இல் இந்தக் காரின் விற்பனை பற்றிய வழக்கு இலண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. காரை வாங்க ஒரு கோடி பவுண்டு விலை பேசிய நிறுவனம், இது அந்தக் காரே அல்ல என்றது. 1929 வண்டியின் பாகம் என்று அடித்துச் சொல்ல ஏதும் இல்லை. 1930 வண்டியின் மிச்சமாக நம்பப்பட்டவை பெடல் தண்டு, கியர் பெட்டியின் கூடு, ஸ்டீயரிங் தண்டு மட்டுமே. ஆனாலும் வரலாறு அறுபடாமல் தொடர்ந்திருப்பதால் இதுவே ஓல்ட் நம்பர் ஒன் என்றார் நீதிபதி ஓட்டன்.

சரியான தீர்ப்பு.

பாலி நூலான மிலிந்த பஞ்ஹாவில் பௌத்தத் துறவி நாகசேனர் மன்னர் மிலிந்தரின் தேரைக் காட்டிக் கேட்பதும் இதுதான்: அச்சா தேர்? சக்கரமா? நுகமா? இவை சேர்ந்திருப்பதால் வழங்கும் பெயரே தேர். மனிதரும் அப்படியே என்கிறார் அவர். இரவு முழுதும் எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் ஒன்றல்ல, வேறுமல்ல என்பதும் அதே நூலின் வாதம்.

பாகம் மாறினாலும் பெயர் போய்விடாது. ஆனாலும் பழைய காரின் டிரம் பிரேக்கைக் கழற்றி டிஸ்க் பிரேக் வைப்பதைத் துரோகம் என்போர் உண்டு. தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிப்பை இழக்கும். டிஸ்க் காற்றில் விரைவாக ஆறும். எதிரே நடந்து வருபவரின் உயிரும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். கழற்றிய டிரம்மைப் பத்திரப்படுத்தி, மாற்றியதை எழுதிவைப்பவர் வண்டியின் வரலாற்றில் ஒரு பக்கத்தைச் சேர்க்கிறார், எதையும் கிழிப்பதில்லை.