நீர் வகுத்த எல்லை

தன் நிலத்தில் தான் விரும்பியதைச் செய்யும் உரிமை ஒருவனுக்கு உண்டு. அதனால் அயலானுக்குக் கேடு விளையுமாயின், அவ்வுரிமை அங்கே நின்றுவிடும். அறநூலாரும் சட்ட அறிஞரும் பெரிதும் மறுக்காத எளிய நெறி இது. ஆயின், அயலான் என்பவன் யார்? வேலிக்கு அப்பால் குடியிருப்பவனா? கண்ணுக்கே எட்டாத தொலைவில் வாழ்பவனா? பத்திரங்களும் நிலவரைபடங்களும் இவ்வினாவுக்கு ஒரு விடை கூறுகின்றன. மழைநீர் வேறொரு விடை கூறுகிறது.

மலைமுகட்டில் விழும் துளி ஏதேனும் ஒரு பக்கமாகச் சரிந்தே ஆகவேண்டும். ஒரே சிற்றாற்றை நோக்கிச் சரியும் நிலப்பரப்பு முழுவதும் அவ்வாற்றின் வடிநிலம் எனப்படும். அதனைச் சூழ்ந்த முகடே நீர்பிரி மேடு. அம்மேட்டிற்குள் வாழ்வோர் ஒருவரையொருவர் அறியாமல் இருக்கலாம். எனினும், மேலே உள்ளவன் செய்வது கீழே உள்ளவனைச் சென்றடையாமல் இராது.

வடிநிலத்தின் உருவமும் ஈண்டு எண்ணத்தக்கது. சில வடிநிலங்கள் முறம்போல அகன்றிருக்கும். சில புடலங்காய்போல நீண்டு ஒடுங்கியிருக்கும். முறம்போன்ற நிலத்தில் கிளையோடைகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வாயிலை வந்தடைவதால் வெள்ளம் திடீரெனப் பொங்கி எழும். நீண்ட நிலத்திலோ அருகிலுள்ள நீர் முன்னரும் தொலைவிலுள்ள நீர் பின்னரும் வருவதால் வெள்ளம் தணிந்தும் நெடுநேரமும் ஓடும். அமெரிக்க நீரியல் அறிஞர் இராபர்ட் ஹார்ட்டன் 1932இல் இவ்வுருவத்தை ஓர் எண்ணால் குறிக்க வழி கண்டார். பரப்பை நீளத்தின் இருமடியால் வகுத்தால் போதும். விடை சிறுத்தால் நிலம் நீண்டது என்று பொருள். உருவம் இயற்கை தந்தது. அதற்கு எவரும் பொறுப்பாளர் அல்லர். ஆனால், அவ்வுருவத்தின்மேல் நீர் ஓடும் விரைவு மனிதன் கையில் இருக்கிறது. காடு மழையை இலையிலும் சருகிலும் வேரிலும் தாங்கி, மெல்ல விடுகிறது. வெட்டவெளியாக்கப்பட்ட சரிவு, நீரை உடனே விடுவதோடு மண்ணையும் உடன் அனுப்பிவைக்கிறது.

இவ்வுண்மை மலேசிய மண்ணில் விளங்குமிடம் கேமரன் மலை. பிரிஞ்சாங் பக்கத்து மலைகளில் தோன்றும் பெர்த்தாம் ஆறு தானா ராத்தாவைக் கடந்து ரிங்லெட் அணையை அடைகிறது. 1960களின் தொடக்கத்தில் மின்னாக்கத்திற்காக எழுப்பப்பட்ட அணை அது. அணை எழுவதற்கு முன்னரே, 1950களில், அம்மலையாறுகளில் அளவீடுகள் செய்யப்பட்டன. பெரும்பகுதி காடாகவே இருந்த தெலோம் ஆற்றைக் காட்டிலும், பயிர் நிலம் மிகுந்த ஓடைகள் பன்மடங்கு மண்ணைச் சுமந்து வந்தமை அப்போதே புலப்பட்டது. அறியாமல் செய்த பிழை என்று பிற்காலத்தவர் கூற இயலாது.

தமிழ்த் தொழிலாளர் உழைப்பில் செழித்த தேயிலை, வளர்ந்து மூடிய பின் மண்ணை ஓரளவு காக்கும். காய்கறிப் பாத்தியோ ஆண்டிற்குப் பன்முறை கிளறப்படுவது. அதன்மேல் நெகிழிக் கூரை எழுந்தால், மழை மண்ணில் இறங்காமல் நேரே வடிகாலுக்கு விரைகிறது. ஆனால், உழவனை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றுதல் முறையாகுமா? அங்குள்ள உழவருள் பலர் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தின் பேரிலேயே நிலத்தை வைத்திருந்தனர். அடுத்த ஆண்டு தன் கையில் இருக்குமா என்று அறியாதவனிடம் நெடுங்காலத்துக்கான படிக்கட்டு வரப்பும் மரவேலியும் எதிர்பார்ப்பது, வாடகை வீட்டுக்காரனிடம் கூரை மாற்றச் சொல்வதை ஒக்கும். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் முட்டைக்கோசை மலிவாக வாங்குவோரும் இக்கணக்கில் இடம்பெற வேண்டியவரே. அவர்களுக்கு அது கசப்பான செய்திதான்.

2013 அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், பெருமழையால் நீர்த்தேக்கம் நிரம்ப, அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்தது, வீடுகளும் ஊர்திகளும் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்கள் மாண்டன. யார் குற்றவாளி? மேலே சரிவை வெட்டியவனா, நீர்த்தேக்கத்தில் மண் குவிவதைக் கண்டும் காலந்தாழ்த்தியவரா, ஆற்றின் கரையை நெருக்கி வீடு கட்ட விட்டவரா? ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டலாம். ஒவ்வொருவர் சொல்லிலும் உண்மை உண்டு.

இங்கேதான் அறச்சிக்கல் முதிர்கிறது. ஓர் உழவன், “நான் ஒருவன் விலகியிருந்தாலும் வெள்ளம் வந்தே தீர்ந்திருக்கும்” என்று கூறினால், அது பொய்யன்று. கொல்லும் எண்ணமும் அவனுக்கில்லை. எண்ணமில்லாத இடத்தில் பழியில்லை எனின், நூற்றுவரும் குற்றமற்றோர். ஆயினும் பள்ளத்தாக்கில் பிணங்கள் கிடந்தன. செய்தவரே இல்லாத கொடுஞ்செயல் ஒன்று உண்டு என ஒப்புக்கொள்ள எந்த அறமும் இடந்தராது. வெள்ளத்திற்கு அவன் பொறுப்பாளன் அல்லன் என்றே வைத்துக்கொண்டாலும், தன் பாத்தியிலிருந்து வெளியேறிய மண்ணுக்கு அவனே பொறுப்பாளன். அது அவன் கண்முன் நிகழ்வது, அவன் தடுக்கக்கூடியது, அளக்கவும் கூடியது. பழியை வெள்ளத்தில் தேடுவதினும், ஒவ்வொருவர் எல்லையையும் கடக்கும் நீரிலும் மண்ணிலும் தேடுவதே நேர்மை. உரிமம் வழங்குவோருக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். அவர்தம் எல்லை பெரிது, ஆதலின் பங்கும் பெரிது.

பொறியியல் இவ்வெல்லையையும் மாற்றிவிட்டது என்பது வியப்பிற்குரியது. பெர்த்தாம் நீர் இயற்கையாகக் கிழக்கே இறங்கி, தெலோம், ஜெலாய் ஆறுகளின் வழியே பகாங் ஆற்றோடு சேர்ந்து தென்சீனக் கடலை அடைய வேண்டியது. இன்று அதன் பெரும்பகுதி சுரங்கவழியாக மலையைத் துளைத்து மேற்கே சென்று, பேராக்கில் மின்விசைப்பொறிகளைச் சுழற்றி, பாத்தாங் பாடாங் ஆற்றில் இறங்குகிறது. தெலோம் நீரும் சுரங்கத்தால் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. எனவே, பிரிஞ்சாங்கில் மண்வெட்டி பிடிப்பவனுக்கு, நீர்பிரி மேட்டிற்கு அப்பால், முன்பு தொடர்பே இல்லாத பேராக் மக்களும் அயலாராயினர்.

நீர்த்தேக்கத்தில் படிந்த மண்ணை எந்திரங்கள் வாரி எடுத்துக்கொண்டே இருக்கின்றன. வாரிய மண்ணைக் கொட்டச் சமநிலம் வேண்டும். அம்மலையில் சமநிலம் அரிது. எங்கே கொட்டினாலும் அவ்விடமும் ஏதோ ஓர் ஓடையின் வடிநிலமே. அதற்குக் கீழேயும் யாரேனும் குடியிருக்கின்றனர்.