கல்ச்சர் என்றொரு சொல்



"அந்தப் பிள்ளைக்குக் கல்ச்சர் போதாது" என்று உடையையும் இங்கிலீஷ் பேச்சையும் பார்த்துச் சொல்லிவிடுகிறோம். அச்சொல் பிறந்த இடமோ வயல். அதற்கு வேரான 'கோலெரே' என்னும் லத்தீன் வினைக்கு நிலத்தை உழுது பேணுதல், ஓரிடத்தில் குடியிருத்தல், தெய்வத்தை வணங்குதல் என்று பொருளுண்டு. தமிழிலும் நாம் பண்படுத்துவது முதலில் நிலத்தைத்தானே!

கடற்கரையாராகிய நமக்கு உழவேது என்பீர்கள். மெய்தான், நம் முன்னோர் விதையாமலே பாரில் சிப்பி அள்ளினார்கள். 1955 முதல் 1961 வரை இங்கே ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடந்தது, அதற்குப்பின் இல்லை. 1973-ல் இதே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் சிறு மணியை வைத்து, கடலில் வளர்த்து, முத்து எடுத்தார்கள். அதற்கும் இங்கிலீஷில் 'கல்ச்சர்' முத்து என்றே பெயர். உழவன் சொல் கடலிலே இறங்கிவிட்டது!

அப்படியானால் எடுக்க மட்டும் அறிந்து பேண அறியாதவர், எத்தனை படித்திருந்தாலும், அச்சொல்லுக்கு உரியவராவாரா? எனக்குச் சந்தேகந்தான். அளவு தேறாத சங்கை மறுபடி கடலிலே விட்டுவிடும் ஏற்பாடு நம் சங்குகுளிப்பில் இருந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத குளியாளி அக்குட்டிச் சங்கைத் திரும்ப விட்டபோது, அவரைக் கல்ச்சர் உள்ளவர் என்று யாரும் சொல்லவில்லை.