பூட்டிய துப்பாக்கியும் பூட்டாத மனமும்

கொல்லாமையை முதல் அணுவிரதமாகக் கொண்ட நம் இல்லங்களில் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு எழுவதே அரிது. ஆயினும் திருப்பத்தூரில் வாழும் எமது இல்லத்தில் அண்மையில் அது ஓர் அறக்கேள்வியாக வந்து நின்றது. பொறியியல் பயின்ற என் தங்கை மகனுக்கு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் வேலைவாய்ப்பு வந்தது. உரியவர் விரல் பட்டாலன்றி வெடிக்காத கைத்துப்பாக்கியை உருவாக்குவது அங்கே தொழில். “மாமா, குழந்தை எடுத்தாலும் வெடிக்காது, திருடன் எடுத்தாலும் வெடிக்காது. உயிர் காக்கும் பணிதானே இது? நம் விரதத்துக்கு மாறாகுமா?” என்று கேட்டான். அவன் ஊதியத்தை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. உடனே விடை கூற எனக்கு இயலவில்லை.

இம்முயற்சி புதியதன்று. கைப்பிடியை இறுக அழுத்தினாலன்றிச் சுடாத சுழல்துப்பாக்கியை அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1880களிலேயே விற்றது. 2000ஆம் ஆண்டில் அதே நிறுவனம், பாதுகாப்புப் பூட்டுகளைச் சேர்க்கவும் உரியவரை அறியும் நுட்பத்தை உருவாக்கவும் அரசுடன் உடன்பாடு செய்தது. துப்பாக்கி ஆர்வலர்கள் அதன் பொருள்களைப் புறக்கணிக்க, விற்பனை சரிந்தது. 2002இல் நியூஜெர்சி மாநிலம், இத்தகைய துப்பாக்கி கடைக்கு வந்துவிட்டால் மூன்றாண்டுகளுக்குள் பிற கைத்துப்பாக்கிகளின் விற்பனை நிற்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. நன்மை கருதிய அச்சட்டமே தடையாயிற்று. முதல் துப்பாக்கி கடைக்கு வராதபடி எதிர்ப்பு மூண்டது. ஜெர்மனியின் ஆர்மாட்டிக்ஸ் நிறுவனம், உரிய கைக்கடிகாரம் அருகிலிருந்தால் மட்டுமே சுடும் துப்பாக்கியைச் செய்தது. 2014இல் அதை விற்க முன்வந்த மேரிலாந்து வணிகர் கொலை மிரட்டலுக்கு ஆளாகிப் பின்வாங்கினார். 2017இல் ஒருவர் மலிவான காந்தத் துண்டுகளைக் கொண்டே அதன் பூட்டைப் பயனற்றதாக்கிக் காட்டினார். 2019இல் நியூஜெர்சி தன் சட்டத்தைத் தளர்த்தியது. 2023இல் பயோஃபயர் என்னும் நிறுவனம் விரல்ரேகையையும் முகத்தையும் அறியும் துப்பாக்கியை அறிவித்தது.

வாங்குவோர் தயங்குவது ஏன்? விரல் ஈரமாயிருந்தால், மின்கலம் தீர்ந்திருந்தால், வேண்டிய நொடியில் வெடிக்காதோ என்னும் அச்சமே காரணம். தவறிக் கொல்லக் கூடாது. ஆனால் தவறாமல் கொல்ல வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே வாக்களித்தாலன்றி இப்பொருள் விலைபோகாது.

இங்கேதான் நம் ஆகமம் துணைநிற்கிறது. கவனமின்மையால் நேரும் கொலையும், கருதிச் செய்யும் சங்கல்பக் கொலையும் இரண்டுமே ஹிம்சை. இப்பூட்டு முன்னதைத் தடுக்கும். பின்னதைத் தொடவும் செய்யாது. உரியவரே சினத்தால் மதியிழந்தால் பூட்டு அவருக்குப் பணிந்து திறக்கும். மேலும், இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்றாகிய அநர்த்த தண்ட விரதம், ஹிம்சாதானத்தை விலக்கச் சொல்கிறது. கோடரி, வாள், தீ போன்ற கொலைக் கருவிகளைப் பிறர்க்கு வழங்குதலே ஹிம்சாதானம். கருவி பாதுகாப்பானது என்று நம்பி, இதுவரை துப்பாக்கி வாங்காதவரும் வாங்குவாராயின், வழங்கியவர் பங்கு குறையுமா, கூடுமா?

இது வெளிநாட்டார் கவலை என்று ஒதுக்கவும் இயலாது. எங்கள் ஊருக்கு அருகே ஜவ்வாது மலையில் சாமை விளைவிக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள் காட்டுப்பன்றிகளால் பயிரை இழக்கின்றனர். பயிர்க்காவலுக்கான குழல்வாய்த் துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமம் பெற வழி வைத்துள்ளது. ஆயினும் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளும் மலையில் உண்டு. தாமே முன்வந்து ஒப்படைக்குமாறு காவல்துறை அவ்வப்போது கேட்டுக்கொள்கிறது. கரிமருந்தும் ரவையும் இட்டுக் கெட்டித்த அத்துப்பாக்கியை எளிதில் வெறுமையாக்க முடியாது. சட்டத்துக்கு வெளியே பிறந்த அப்பொருளுக்கு விரல்ரேகைப் பூட்டு ஒருநாளும் வந்து சேராது. அதை வீட்டிலிருந்து அகற்ற வல்லவை வயலுக்கு நல்ல வேலியும், இழந்த பயிருக்குக் காலத்தே கிடைக்கும் இழப்பீடுமே. தேவை குறைந்தால் கருவி தானே விலகும்.

ஆகவே மருமகனிடம் இவ்வாறு கூறினேன்: “நீரை முற்றிலும் விட இயலாத நாம் அதை வடிகட்டிப் பருகுகிறோம். அதுபோல், ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் துப்பாக்கிகளுக்குப் பூட்டும் பெட்டகமும் செய்வாயாயின், அது உள்ள தீங்கைக் குறைக்கும் பணி, தயங்காமல் செய். புதிய துப்பாக்கியை விற்பதற்கு உன் பூட்டு விளம்பரமாகுமாயின், அது ஹிம்சாதானமே. ஊதியம் எவ்வளவாயினும் அதை உயிர் காக்கும் தொழில் என்று உன்னையே ஏமாற்றிக்கொள்ளாதே.”

அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. அந்நிறுவனத்தில் தனிப்பூட்டுப் பிரிவு உண்டா என்று விசாரித்து எழுதியிருக்கிறான். விடை எதுவாயினும், கேட்டறிந்து முடிவு செய்ய முனைந்தானே, அதுவே எனக்கு நிறைவு. நம் பிள்ளைகள் பல்வேறு தொழில்களுக்குச் செல்லும் இக்காலத்தில், “இத்தொழிலில் என் கை எதைப் பிறர்க்கு வழங்குகிறது?” என்னும் கேள்வி ஒவ்வொரு இல்லத்திலும் எழ வேண்டும். அன்பர்கள் சிந்திப்பார்களாக.