பிறர் வினையும் நம் கதவும்

உயிர்கட்கு வரும் துன்பம் வினையின் பயன் என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. பிறர் துன்புறக் கண்டவிடத்து அத்துணிபை எவ்வாறு கொள்ளுதல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. "அவரவர் வினை அவரவர்க்கு, இடையே புகுதற்கு நாம் யார்?" என்பார் சைவர் குழுவிலேயே உளர். அவர் கூற்றின் தகுதியை ஒரு குடும்பம் கழித்த ஓரிரவினை வைத்து நோக்குவாம்.

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16ஆம் நாள், நள்ளிரவு கடந்த பொழுதில், கஜா என்னும் புயல் நாகப்பட்டினத்திற்கும், திருமறைக்காடாகிய வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்டிருந்தது. வேதாரணியத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் உழவர் ஒருவர் தம் தாயார், மனைவி, மக்கள் இருவரோடு வீட்டிலேயே தங்கியிருந்தார். முன்னறிவிப்பு வந்திருந்தது. எனினும் தாயார் நடக்கமாட்டாமையாலும், பசுவை விட்டுப் பிரிய மனமின்மையாலும் அவர்கள் முகாமிற்குச் சென்றிலர். வடதிசைக் காற்று கூடத்து ஓடுகளைப் பெயர்த்தெறிந்தது. மேல்தளம் இட்ட சிற்றறை ஒன்றே எஞ்ச, ஐவரும் அதனுட் புகுந்து, கதவின்பின் நெல்மூட்டைகளை அடுக்கி அமர்ந்தனர். வெளியே தென்னைகள் ஒவ்வொன்றாய் முறியும் ஓசை கேட்டது. பிள்ளைகள் அவற்றை எண்ணத் தொடங்கிப் பின் எண்ணுதலை விட்டு அழுதனர்.

திடீரெனக் காற்று அடங்கிற்று. புயலின் கண் ஓரிடத்தைக் கடக்குங்கால் சிறிது நேரம் இவ்வாறு அமைதி நிலவும். பின்னர் எதிர்த்திசையினின்று காற்று மீளவும் வந்து மோதும். அவ்வமைதியிற் கதவு தட்டப்பட்டது. வந்தவர் அடுத்த குடிசையார். மனைவியும் கைக்குழந்தையும் உடனிருந்தனர். வேலித் தகராறு காரணமாக இரண்டாண்டுகள் இவ்வீட்டாரோடு பேச்சற்றவர் அவர். மூட்டைகளை அகற்றிக் கதவைத் திறந்து, மீள அடுக்குமுன் தென்காற்று வந்துவிடின் உள்ளிருப்பார் அனைவர்க்கும் ஏதமாகும். உழவர் தயங்கினார், "அவரவர் விதிப்படி ஆகட்டும்" என்று முணுமுணுத்தார். தாயார், "விதி பேசும் நேரமோ இது, அப்பா? மூட்டையைத் தள்ளு" என்றார்.

கதவு திறந்தது. திருமறைக்காட்டுத் திருக்கதவம் திறத்தற்கு அப்பர் பெருமான் ஒரு பதிகம் முழுதும் பாட வேண்டியிருந்தது. அடைத்தற்கோ சம்பந்தப் பெருமானுக்கு முதற்பாட்டே போதியதாயிற்று. அப்பகுதியார்க்கு இவ்வரலாறு புதிதன்று.

இனி உழவர் கூற்றை நோக்குவாம். அது முழுப்பொய் அன்று. குடிசை வீழ்ந்தமை குடிசையார்க்கு வந்த பிராரத்தமே. பூதங்கள் வாயிலாக வரும் துன்பமும் அதனுள் அடங்கும். ஆயின் அவ்வினை குடிசை வீழ்தலளவில் நின்றதோ, குழந்தை மாளுமளவும் நீள்வதோ என்பதை உழவர் யாங்ஙனம் அறிந்தார்? வினை சடமாகலின் தானே சென்று பற்றாது. அறிந்து கூட்டுவோன் இறைவன் ஒருவனே. அவன் அக்குழந்தைக்கு ஊட்டக் கருதியது உயிர்வாழ்வாயின், அதற்குரிய கருவி இவ்வுழவரின் கையாகவும் இருக்கலாமன்றோ? அறியாததனை அறிந்தார்போற் கொண்டு, தம் அச்சத்திற்கு அதனைப் போர்வையாக்கியதே பிழை. அன்றியும், அயலார் நுகர்வது பழவினை. கதவைத் திறத்தலும் திறவாமையும் இவர் அப்பொழுதே ஈட்டும் ஆகாமியம். தம் ஏட்டில் எழுத்து விழும் வேளையிற் பிறர் ஏட்டைப் புரட்டினார் என்க.

அற்றேல், வினைக்கொள்கையை எவ்விடத்தும் வாய்விட்டுக் கூறலாகாதோ எனின், அங்ஙனமன்று. பொழுது விடிந்தது. நாற்பது தென்னைகளும் வீழ்ந்து கிடந்தன. தென்னையை இந்நாட்டார் பிள்ளை என்றே வழங்குவர். நட்டுப் பல்லாண்டு காத்த பின்னரே அது காய்க்கும். உழவர் வாய்திறவாது நின்றார். அப்பொழுது தாயார், "நாம் செய்தது நம்மோடு கழிந்தது; எழுந்து வேலையைப் பார்" என்றார். இரவிற் குற்றமாயிருந்த சொல்லே காலையில் மருந்தாயிற்று. தம் துன்பத்தின்மேல் வைத்துக் கூறினமையே வேறுபாடு. அயலூர்களிலிருந்து பார்க்க வந்தோர் சிலரும் அச்சொல்லையே அவ்வுழவரிடம் கூறினர். அது அவர்க்கு மருந்தாகவில்லை.

குடிசையார் கோடரியோடு வந்து, தொழுவத்தை அடைத்துக் கிடந்த மரத்தை முதலில் வெட்டத் தொடங்கினார். உள்ளே பசு உயிரோடிருந்தது.