கண்டி கேட்ட சமஷ்டி

1927இல் அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி ஆராய டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, சமஷ்டி ஆட்சி வேண்டும் என்று கேட்டவர்கள் யாழ்ப்பாணத்தார் அல்லர், கண்டிச் சிங்களவர். மலைநாடு, கரைநாடு, வடக்கு கிழக்கு என மூன்று சுயாட்சிப் பகுதிகள் அமைய வேண்டும் என்று கண்டி தேசிய சபை வாதாடியது. அன்றைய தமிழ்த் தலைமை அந்தக் கோரிக்கைக்குத் தோள் கொடுக்கவில்லை.

முப்பது ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது. 1949இல் சமஷ்டியைத் தமிழரசுக் கட்சி கையில் எடுத்தது. 1957 அக்டோபரில், பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட பண்டா–செல்வா ஒப்பந்தம் நாட்டைப் பிரித்துவிடும் என்று சொல்லி, ஜே. ஆர். ஜயவர்தன கண்டித் தலதா மாளிகையை நோக்கி நடைப்பயணம் புறப்பட்டார். அது இம்புல்கொடையில் தடுக்கப்பட்டது. ஆனாலும் அடுத்த ஏப்ரலில் ஒப்பந்தத்தைப் பண்டாரநாயக்காவே கைவிட்டார். 1926இல் இளைஞராக யாழ்ப்பாணம் வந்து சமஷ்டியின் நன்மையை எடுத்துரைத்தவரும் அவரேதான்.

அறம் முதலில், அரசியல் பிறகு என்றுதான் பொதுவாக நம்புகிறோம். எது நியாயம் என்று ஒருவர் மனத்தில் தேர்ந்து, அதற்கேற்ற கட்சியில் போய் நிற்கிறார் என்பது அந்த நம்பிக்கை. கண்டியின் கதை அதை அசைத்துப் பார்க்கிறது. அதற்காக, எல்லாம் வெறும் சுயநலம் என்று கைகழுவிவிடவும் முடியாது. கண்டியரின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1815இல் ஒப்பந்தம் எழுதி ஆட்சியைப் பெற்ற பிரித்தானியர், 1833இல் கண்டிக்கென்று இருந்த தனி நிர்வாகத்தைக் கலைத்தனர். 1840ஆம் ஆண்டுச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கியது. அந்த நிலத்தில் கோப்பி வந்தது, பின்னர் தேயிலை. தன் மண்ணிலேயே சிறுத்துப்போகும் ஒரு சமூகம், தன் வாழ்வைத் தானே நடத்தக் கேட்பதில் அறம் உண்டு. அதை யார் கேட்டாலும் உண்டு.

இந்த ‘யார் கேட்டாலும்’ என்பதில்தான் சோதனை. சுயாட்சி கேட்ட அதே கண்டித் தலைமை, இந்திய வம்சாவளித் தமிழரான தோட்டத் தொழிலாளருக்கு வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தது. அந்த மலைகளில் காடு வெட்டி, கொழுந்து பறித்து, அங்கேயே பிள்ளைகளைப் பெற்று, அங்கேயே செத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு முன்னால் ‘மண்ணில் வாழ்பவருக்கு மண்ணில் குரல்’ என்ற கொள்கை, ‘நம்மவருக்கு மட்டும்’ என்று சுருங்கிப்போனது.

தமிழர் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார ஒன்றுமில்லை. எல்லோருக்கும் வாக்கு என்பதைப் பொன்னம்பலம் இராமநாதன் எதிர்த்தார். பெண்ணும் தாழ்த்தப்பட்டவரும் வாக்களிப்பதை அவர் ஏற்கவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் ஏறக்குறைய ஏழு லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோது எதிர்த்து வாக்களித்தார் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம். அமைச்சரான பின், அதன் தொடர்ச்சியாக வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தை ஆதரித்தார். இதற்காக அவரை விட்டு விலகித் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய செல்வநாயகத்தின் முடிவு எடை கூடியது. வாக்கு பறிக்கப்பட்டவர்கள் அவருக்கு வாக்களித்து நன்றி சொல்ல முடியாதே. ஆனால் அவர்களும் தமிழர்கள்தாம். வேறு மொழி பேசுவோருக்காகவும் அவர் அப்படி விலகியிருப்பாரா என்பதற்கு வரலாறு பதில் வைத்திருக்கவில்லை. கேள்வியை மட்டும் விட முடியவில்லை.

1949ஐ இன்னொரு முறை பார்க்க வேண்டும். நிலமிழந்த கண்டிக் கிராமத்தவரின் துயரத்தைக் கேட்க அரசு ஓர் ஆணைக்குழுவை அமைத்த ஆண்டு அது. தோட்டத் தொழிலாளரின் வாக்கைச் சட்டம் பறித்ததும் அதே ஆண்டில்தான். ஒரே மலை, ஒரே தேயிலை. ஒருவர் அதற்கு நிலத்தைக் கொடுத்தவர், மற்றவர் உழைப்பைக் கொடுத்தவர். ஒருவர் இழந்ததை அநீதி என்று எழுதிக்கொண்ட அதே கை, மற்றவர் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து அடித்தது. செய்தவர்களுக்கு அதில் முரண்பாடு தெரிந்ததாகத் தோன்றவில்லை. இரண்டும் நீதி என்றே நம்பியிருப்பார்கள். பயங்கரம் அதுதான்.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு குடியுரிமைப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. காணிப் பிரச்சினை தீரவில்லை. கண்டி மாவட்டத்தின் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் தோட்ட லயத்துக் குடும்பங்கள் ஒரு சிறு துண்டுக் காணிக்காகக் காத்திருக்கின்றன. தோட்டத்தை ஒட்டிய கிராமங்களில், இது எங்கள் பாட்டன் சேனை செய்த இடம் என்பவர்களும் இருக்கிறார்கள். இருவர் சொல்வதையும் ஒரே தாளில் எழுதிப் பெயரையும் மொழியையும் மறைத்துவிட்டால், எந்த வரி யாருடையது என்று பிரிப்பது கடினம்.