385 கஜம்

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். இந்த எண்ணுக்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. 1896இல் ஏதென்ஸில் ஓடியது ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் பந்தயம் விண்ட்ஸர் கோட்டையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பத்தாரின் இருக்கைகளுக்கு எதிரே முடிந்தது. 26 மைல், 385 கஜம். 1921இல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். நாற்காலிகள் போட்டிருந்த இடம் இன்றுவரை உலகம் முழுவதும் ஓடுகிறவர்களின் கால்வலியை நிர்ணயித்துக்கொண்டிருக்கிறது.

இது தெரிந்தேதான் ஓடினேன். அளவுகோல் தற்செயலானது என்பதாலேயே அதற்குக் கட்டுப்படுவது அர்த்தமற்றதாகிவிடாது என்பது என் கட்சி. வெண்பாவின் ஈற்றடி மூன்று சீரில் முடியவேண்டும் என்பதற்கும் பிரபஞ்ச நியாயம் ஏதுமில்லை. ஆனாலும் நாலாவது சீரைச் சேர்த்துவிட்டு, உணர்ச்சி மிஞ்சிவிட்டது என்று சொல்பவனை நாம் ஒப்புக்கொள்வதில்லை. ஓட்டத்தையும் அப்படியொரு வடிவமாகவே நினைத்திருந்தேன்.

வங்கியில் மும்பைக்கு மாற்றலாகி மூன்றாவது வருஷம். ஜனவரி மாதத்து ஞாயிறு ஒன்றில், இருட்டுப் பிரியுமுன், சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்துக்கு முன்னால் ஆயிரக்கணக்கானவர்களோடு நின்றேன். மற்ற நாட்களில் நடந்துபோக அனுமதியில்லாத பாந்த்ரா - வொர்லி கடல்பாலத்தில் அன்று ஓடலாம். ஓடினேன். முப்பது கிலோமீட்டர்வரை சந்தோஷமாகவே இருந்தது. அதற்குப் பிறகு உடம்பு சேமித்துவைத்திருக்கும் கிளைகோஜன் தீரத் தொடங்குகிறது. மனம் சுருங்கி, அடுத்த விளக்குக் கம்பம் என்ற அளவுக்கு வந்துவிடுகிறது.

ஹாஜி அலியைத் தாண்டித் திரும்பும்போது பெடர் ரோடு ஏற்றம். பஸ்ஸில் போகையில் அது ஏற்றம் என்றே தெரியாது. அங்கே எனக்கு நாலைந்து அடி முன்னால் போய்க்கொண்டிருந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு சாலையோரமாக மடிந்து உட்கார்ந்தார். கைகளைப் பின்னால் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை. நான் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் ஞாபகமிருக்கிறது. ஐந்து மணி நேரத்துக்குள் முடிப்பது என்று வைத்திருந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது, எனக்குப் பின்னால் வந்த ஒரு பையன் அவருடைய காலைத் தன் தொடைமேல் வைத்துப் பாதத்தை அழுத்திக்கொண்டிருந்தான். அவன் பனியனிலும் எண் குத்தியிருந்தது.

4 மணி 57 நிமிஷத்தில் முடித்தேன்.

தொண்டர்கள் இருக்கிறார்கள், ஆம்புலன்ஸ் இருக்கிறது, எனக்கு வைத்தியம் தெரியாது. எல்லாம் வாஸ்தவம். ஆனால் இவை அன்று மாலை யோசித்துக் கண்டுபிடித்தவை. அந்தக் கணத்தில் இருந்தது ஒன்றுதான்: நிற்கக் கூடாது. அது ஒரு விதியின் குரலில் ஒலித்தது.

அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. பல வருஷங்களுக்கு முன் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிளையொன்றில், நேரம் முடிந்து கணக்கை நேர் செய்துகொண்டிருந்தபோது பென்ஷன் வாங்க வந்த ஒரு மூதாட்டியிடம் "நாளைக்கு வாங்கம்மா" என்றேன், தலை நிமிராமல். நேரம் முடிந்தபின் பணம் கொடுக்கக் கூடாது என்பது விதி. தலை நிமிரக் கூடாது என்று விதி இல்லை.

1908இல் அந்தக் கடைசி 385 கஜத்தில்தான் டொராண்டோ பியெட்ரி விழுந்தார். முதல் ஆளாக மைதானத்துக்குள் வந்த அந்த இத்தாலியர் திசை தப்பினார். திரும்பத் திரும்ப விழுந்தார். அதிகாரிகள் தூக்கி நிறுத்திக் கோட்டைத் தாண்டவைத்தார்கள். அமெரிக்கர்கள் ஆட்சேபிக்க, பியெட்ரி தகுதி இழந்தார். ஜானி ஹேய்ஸுக்குத் தங்கம். மறுநாள் அலெக்ஸாண்ட்ரா ராணி பியெட்ரிக்கு முலாம் பூசிய வெள்ளிக் கோப்பை ஒன்றைக் கொடுத்தார். பரிசை மறுத்தது நியாயம். அதிகாரிகள் கைகட்டி நின்றிருந்தால் நாம் மன்னித்திருக்க மாட்டோம் என்பதும் நியாயம். அவர்கள் விதிக்கும் மனிதனுக்கும் நடுவில் அகப்பட்டவர்கள்.

எனக்கு அந்தச் சங்கடம்கூட இல்லை. பிறர் தூக்கிவிட்டுத் தூரத்தைக் கடக்கலாகாது என்பது விதி. நின்று ஒருவன் காலைப் பிடித்துவிடலாகாது என்று விதி கிடையாது. வடிவம் என்னிடம் கேட்டது 42.195 கிலோமீட்டர். அதை நாலு நிமிஷம் தாமதமாகவும் கொடுத்திருக்கலாம். ஐந்து மணி நேரம் என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட கணக்கு. இல்லாத ஒரு விதியின் பின்னால் போய் நின்றுகொண்டு, அதற்குக் கட்டுப்பாடு என்று பெயர் வைத்தேன்.

நம்முடைய சின்ன வட்டத்திலும் இது நடக்கிறது. நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுதி தோல்வி என்று எழுதினேன். இன்றும் அந்த அபிப்பிராயத்தில் மாற்றமில்லை. இரண்டு மாதம் கழித்து அவருடைய தகப்பனார் இறந்தபோது நான் போகவில்லை. போனால், எழுதியதை வாபஸ் வாங்கிக்கொண்டதாக ஆகும் என்று சொல்லிக்கொண்டேன். விமர்சனம் தாட்சண்யம் பார்க்கக் கூடாது என்பது சரி. துக்கத்துக்குப் போகக் கூடாது என்று எந்த விமர்சனக் கொள்கை சொல்கிறது?

1908இல் அந்த மைதானத்தில் ஆர்தர் கானன் டாயில் இருந்தார், டெய்லி மெயில் பத்திரிகைக்கு எழுதுவதற்காக. பிறகு பியெட்ரிக்காக நிதியும் திரட்டினார். விழுந்தவரைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர் என்று ஒரு கதை வெகுகாலம் உலவியது. அது உண்மையல்ல. அவர் பார்வையாளர் பகுதியில் இருந்தார். எழுதுகிறவனைப் பற்றி அப்படியொரு கதை ஏன் வேண்டியிருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. இந்தக் கட்டுரையிலேயே அந்தப் பையனுடைய இடத்தில் என்னை வைத்து எழுதியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.