கவசமும் தலையும்

அரசர்களின் உருவப்படங்களிலே இரும்புக் கவசத்தைக் காணும்போது, வீரத்தின் சின்னமென்று எண்ணி நாம் அப்பாற் சென்றுவிடுகின்றோம். கவசம் மெய்யைக் காப்பதற்கென்று பிறந்தது. ஓவியத்திலோ அது பெரும்பாலும் மெய்யை மறைக்கவே பயன்பட்டது.

1547ஆம் ஆண்டு முல்பேர்க் போரில் வென்ற பேரரசன் ஐந்தாம் சாள்சை அடுத்த ஆண்டிலே டிஷியன் தீட்டினார். பாயும் குதிரை, கையில் ஈட்டி, மினுங்கும் கவசம். களத்திலே பிணமில்லை, பகைவனுமில்லை. வாதநோயால் வாடிய மனிதனை இரும்பு நிமிர்த்தி வைத்திருக்கின்றது. (அக்கவசம் இன்றும் மட்ரிட் நகரில் இருக்கின்றது. அதனை அடித்துச் செய்த ஒக்ஸ்பேர்க் நகரக் கொல்லர் ஹெல்ம்ஷ்மிட்டின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?)

துப்பாக்கி பெருகியபின் முழுக்கவசம் போர்க்களத்தை விட்டு மெல்ல மறைந்தது. ஓவியக் கூடத்தில் மட்டும் அது சாகவில்லை. முடியரசு அதனை விடாது பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. முடியரசை வீழ்த்தியவர்கள் ஏன் அணிந்தார்கள் என்பதே நம்மை உறுத்தும் வினா.

1649 ஜனவரி 30இல் இங்கிலாந்தின் முதலாம் சாள்சின் தலை வெட்டப்பட்டது. அவ்வரசனுக்கு அரசவை ஓவியராயிருந்தவர் வன் டைக். அவர் வகுத்த நிலையையே பின்பற்றி, றொபேட் வோக்கர் என்பவர் குறொம்வெல்லைக் கவசத்துடன் தீட்டினார். பியர் லொம்பார்ட் என்னும் செதுக்குநரோ இன்னும் ஒருபடி மேலே சென்றார். சாள்ஸ் குதிரைமீதமர்ந்த வன் டைக்கின் ஓவியத்தைத் தழுவிச் செப்புத்தகட்டிலே செதுக்கி, அதிலே குறொம்வெல்லின் முகத்தை வைத்தார். பின்னர் அம்முகம் சுரண்டப்பட்டது. தலையற்ற வீரனாய் அச்சிட்ட படிகளும் உள. ஈற்றில் அதே உடலிலே சாள்சின் முகம் வந்தமர்ந்தது. கவசத்தைத் திருத்தவேண்டிய தேவை எவருக்கும் ஏற்படவில்லை.

பழகிய கோலத்திலன்றி மக்கள் அதிகாரத்தை மதியார், ஆதலால் புதிய ஆட்சிக்கும் அக்கோலம் வேண்டியதாயிற்று என்று நண்பர் சிலர் வாதிடுவர். அவ்வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடமாட்டோம்; பகைவர் சூழ்ந்த ஆட்சி அது. குறொம்வெல் போலிவீரனுமல்லன், களத்தில் நின்று பொருதவன். எனினும், அரசனின் உடலிலே தன் தலையைப் பொருத்த இசைந்த ஆட்சி, மக்களுக்கு எதனைக் கற்பித்தது? தலைதான் மாறியது, வணங்குவதை விடவேண்டாம் என்பதையன்றோ?

அதே 1649இல், சறே மாகாணத்துச் செயின்ற் ஜோர்ஜ் குன்றிலே, நிலம் யாவர்க்கும் பொது என்று கூறி ஏழைகள் சிலர் தரிசைக் கொத்திப் பயிரிட்டனர். டிக்கர்கள் என்று அவர்களை உலகம் அழைத்தது. நிலக்கிழார்கள் அவர்களை அடித்து விரட்டினர். கையிலே மண்வெட்டியுடன் நின்ற அவர்களைத் தீட்டுவதற்கு வோக்கரும் போகவில்லை, லொம்பார்ட்டும் போகவில்லை.